காலடி மண்

தம்பி,

நீ நார்த்மீட்டிலையிருந்து அனுப்பின உன்ர புத்தகத்தை வாசிச்சு முடிச்சிட்டன். நம்பமாட்டாய். ஐஞ்சாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தாலை நிண்டவள் உன்ர அம்மா. இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருஷத்திலை ஒரு இங்கிலீசுப் புத்தகத்தை முதல் பக்கத்திலையிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிச்சது இதுதான் முதல் தடவை. பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளையளுக்கு எண்டு நீ எழுதினபடியால் எனக்கும் பிடிபட்டது. ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம், சில நாள் மூண்டு. குசினி மேசையிலை ஒரு பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் அகராதி. அப்பா போன பிறகு காலமை நேரம் கழியுதில்லை, அதுக்கு இது உதவினது.

அந்தப் பெடியன் மலையிலை, காலிரண்டும் பின்பக்கம் திரும்பின பொம்பிளையின்ர அடியைப் பார்த்துப் பார்த்துப் போறதும், அடி காட்டுற பக்கம் போகப் போக அவள் இன்னும் தூரமாகிறதும், குகைச் சுவரிலை அந்த நாட்டின்ர ஆதிச் சனம் கீறிவைச்ச முகங்கள் வாய் திறந்து கதைக்கிறதும், ஜெனரலின்ர ஆக்கள் பிடிச்சுக்கொண்டுபோன வாத்தியாரை அவன் கண்டுபிடிக்கிறதும், எல்லாத்தையும் வாசிக்க வாசிக்க எனக்கு யோலா அன்ரியின்ர குரல்தான் கேட்டது. ஸ்பிரிங்வேலிலை எங்கட பழைய வீட்டு வேலிக்கு அங்காலை, உடுப்புக் காயப்போடுற கொடிக்குக் கீழை நிண்டு அவ உனக்குச் சொன்ன கதையெல்லே அது. நீ அதிலை எதையும் மறக்கேல்லை. ஆறு விரல் நாய் கூட வந்திருக்கு.

கதை முடிஞ்ச பிறகு ஒரு பக்கம் வருகுது. அதிலை நீ எழுதியிருக்கிறாய்: எனக்குப் பத்து வயசாயிருக்கேக்கை இந்தக் கதையைச் சொன்னவ ஒரு சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போயிட்டா, அவ தன்ர தம்பியைப் பற்றி என்னை நம்பிச் சொன்னதை நான் பள்ளிக்கூடத்திலை சொல்லிப்போட்டன், அதாலைதான் போனா, இந்தப் புத்தகம் அவவிட்டை மன்னிப்புக் கேக்கிறதுக்கு எண்டு. அந்தப் பக்கத்தை நான் அகராதியோடை நாலு தரம் வாசிச்சன். பிழையா விளங்கிக்கொண்டனோ எண்டு பார்த்தன். பிழையில்லை. இத்தனை வருஷமா நீ இதைச் சுமந்திருக்கிறாய், நான் பக்கத்திலை இருந்து உனக்குச் சோறு போட்டிருக்கிறன்.

அது உண்மையில்லை தம்பி. அவ உன்னாலை போகேல்லை. சொல்லாமலும் போகேல்லை. வாற சனிக்கிழமை ஸ்பிரிங்வேல் நூலகத்திலை பிள்ளையளுக்கு முன்னாலை நிண்டு இந்தப் பக்கத்தை வாசிக்கப்போறன் எண்டு போனிலை சொன்னாய். வாசிக்காதை. அதுக்கு முதல் இதை வாசி. அப்பா இருந்திருந்தால், "பழசை ஏன் கிளறுறீர்" எண்டு பேனையைப் பறிச்சிருப்பார். அவருக்கும் இதிலை பாதிதான் தெரியும். எங்கட தமிழ்ச் சங்கம் அடிக்கிற மலருக்கும் இதிலை ஒரு பிரதி அனுப்பியிருக்கிறன். கோவிக்காதை. அண்டைக்கு நான் நாலு பேருக்கு முன்னாலை ஒரு பொய் சொன்னனான், அதை உன்ர காதுக்குள்ளை மட்டும் திருப்பி எடுக்கேலாது.

உனக்குப் பிறகு ஒரு தங்கச்சி இருந்தவள் எண்டு உனக்குத் தெரியும். வயித்துக்குள்ளை ஏழாம் மாதத்திலை போனவள். அதுக்கு முதல் நாங்கள் எப்பிடி இருந்தம் எண்டு உனக்கு ஞாபகம் இருக்கோ தெரியாது. எழுபதுகளின்ர நடுவிலை இஞ்சை எங்கட ஆக்களை விரல் விட்டு எண்ணலாம். அப்பா விடிய வேலைக்குப் போனால், நான் வாய் திறந்து கதைக்கக் கிட்டடியிலை ஒரு ஆளில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டிலை ஒரு பொம்பிளை வாசலிலை இருந்து சப்பாத்துத் தைக்கிறா. சப்பாத்துத் தொழிற்சாலையிலை வேலை, வீட்டுக்கும் கொண்டுவந்து செய்யிறவ. நான் சும்மா விரலை நீட்டி, "சப்பாத்து" எண்டன். அவ திடுக்கிட்டு என்னைப் பார்த்து, "சப்பாத்தோ!" எண்டா. பேந்து ரெண்டு பேரும் வீடு முழுக்கச் சுத்தினம். மேசையைத் தொட்டால் அவவுக்கும் மேசை. சமைக்கிற குசினிக்கும் கிட்டத்தட்ட அதே சொல்லு. எங்கட ஊரிலையும் அவையின்ர ஊரிலையும் ஒரே மாதிரி ஆக்கள் கடல் தாண்டி வந்து ஏறி மிரிச்சு, இந்தச் சொல்லுகளை விட்டிட்டுப் போயிருக்கினம் எண்டு அப்பா விளங்கப்படுத்தினவர். உன்ர பள்ளிக்கூட அட்லசை விரிச்சு, "இஞ்சேர், இதுதான் டொமினிக்கன் நாடு. எங்கடையைப் போல ஒரு தீவு, ஆனால் பாதிதான் இவையளின்ர" எண்டு காட்டினார். அண்டையிலையிருந்து யோலா எனக்குச் சினேகிதி. என்னைவிட ஐஞ்சாறு வயசு மூப்பு. பிள்ளை குட்டி இல்லை. கட்டினவர் கப்பல்காரன், செத்துப்போனார்.

நான் வயித்திலை பிள்ளையோடை இருக்கேக்கை யோலா வேலிக்கு இஞ்சாலை வந்து, ரெண்டு கையையும் என்ர வயித்திலை வைச்சு, "வடிவு, வடிவு" எண்டு தன்ர பாஷையிலை சொன்னா. நான் ஒரு அடி பின்னாலை போனன். பிள்ளையில்லாத பொம்பிளை வயித்தைத் தொட்டு வடிவெண்டு சொல்லலாமோ, கண் பட்டிடுமெல்லே? அப்பிடித்தான் நான் வளர்ந்தனான். பத்து நாளிலை தங்கச்சி போயிட்டாள். ஆசுப்பத்திரியிலை எனக்கு அவளின்ர முகத்தைக்கூடக் காட்டேல்லை, அந்தக் காலத்திலை அப்பிடித்தான். திரும்பி வந்து நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மாதங்களிலை, பள்ளிக்கூடம் விட்டு வாற உனக்குப் பாண் வெட்டித் தந்ததும், முழங்கால் காயத்துக்கு மருந்து கட்டினதும் யோலாதான். அதுக்கு நன்றி சொல்லாமல் நான் என்ர மனசுக்குள்ளை அவவின்ர ரெண்டு கையையும்தான் பார்த்துக்கொண்டு இருந்தன்.

அப்பதான் நீ ஒருநாள் சாப்பாட்டு மேசையிலை, "அம்மா, யோலா அன்ரியின்ர ஊர் மலையிலை ஒரு பொம்பிளை இருக்கிறாவாம். சிகுவாப்பா எண்டு பேர். தலைமயிர் முழங்கால் வரைக்கும். பாதம் ரெண்டும் பின்பக்கமாம்! அவவைப் பிடிக்க வாறவை அடியைப் பார்த்து மற்றப் பக்கம் ஓடிப்போவினமாம்" எண்டாய். அப்பா சிரிச்சார். "அப்ப அவவுக்குச் சப்பாத்து வாங்கிறது கஷ்டம்தான்" எண்டார். நான் சிரிக்கேல்லை. கால் பின்பக்கம் திரும்பினது எண்டால் எனக்குத் தெரிஞ்சது பேய் ஒண்டுதான். அடுத்த கிழமை நீ பள்ளிக்கூடத்தாலை சேத்துக்குள்ளாலை பின்பக்கமா நடந்து வந்தாய். உன்னைப் பின்னாலை கலைச்சு வந்து அடிக்கிற பெடியளை ஏமாத்த அப்பிடி நடந்தனீ எண்டு அப்ப எனக்குத் தெரியாது. அண்டைக்கு நான் கண்டது, என்ர ஒரே பிள்ளை பேய் மாதிரி நடந்து வாறதைத்தான். அண்டு பின்னேரமே உனக்குக் காய்ச்சல். ஒண்டைக் கொண்டுபோனவள் மற்றதையும் கேக்கிறாள் எண்டு முடிவெடுத்திட்டன்.

நாவூறு கழிக்கிறதுக்கு ஆற்றை கண்ணெண்டு சந்தேகமோ அவையின்ர காலடி மண் வேணும். உனக்குத் தெரிஞ்சிராது, உங்களுக்கு நாங்கள் இதெல்லாம் சொல்லித்தரேல்லை. மழை பெய்ஞ்சு நிலம் ஈரமாக் கிடந்தது. கொடிக்குக் கீழை யோலாவின்ர அடி நல்லாப் பதிஞ்சிருந்தது. நான் ஒரு கரண்டியும் பேப்பர்த் துண்டும் கொண்டுபோய்க் குனிஞ்சு, குதிக்கால் இடத்திலை கிள்ளி எடுத்தன். நிமிர்ந்தால் அவ தன்ர குசினி வாசலிலை நிக்கிறா. முகம் வெளிறிப்போய், கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. ஏன் அப்பிடி வெளிறினவ எண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை. உன்ர புத்தகத்திலை எட்டாம் அத்தியாயத்திலை ஆமிக்காரர் ரெண்டு பேர் வாத்தியாரின்ர அடியைக் குனிஞ்சு பார்த்து மண்ணைக் கிள்ளுற இடம் வந்துது. நான் அந்தப் பக்கத்தை மூடிப்போட்டு எழும்பிப் போயிட்டன். அண்டைக்கு முழுக்கத் திரும்பத் திறக்கேல்லை. அந்த வாத்தியார் யோலாவின்ர தம்பிதான்; அவனை அடியைப் பார்த்துத்தான் மலையிலை பிடிச்சவங்கள். அவையின்ர குடும்பத்து அடியிலை குனிஞ்சு நிண்ட மற்ற ஆள் நான்.

"என்ன துலைச்சிட்டீர்?" எண்டு தன்ர அரைகுறை இங்கிலீசிலை கேட்டா. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசிலை வாயிலை வந்தது ஒண்டுதான். "மோதிரம்" எண்டன். கையைச் சட்டைப் பையுக்குள்ளை விட்டன், மோதிரம் தெரியாமல் இருக்க. அவவுக்கு முகம் தெளிஞ்சது. "ஐயோ, கலியாண மோதிரமோ!" எண்டு ஓடிவந்தா. வந்து, தம்பி, அந்த ஈர நிலத்திலை முழங்காலிலை இருந்திட்டா. புல்லை விலத்தி விலத்தி, சேத்தை விரலாலை தடவித் தடவி, இருட்டுப்படுமட்டும் தேடினா. பாவாடை முழுக்கச் சேறு. நான் பக்கத்திலை தேடுற மாதிரி நிண்டன். என்ர பையுக்குள்ளை பேப்பரிலை அவவின்ர காலடி மண். விரலிலை மோதிரம். "நாளைக்கு வெளிச்சத்திலை திரும்பப் பாப்பம், அழாதையும்" எண்டு என்ர கன்னத்தைத் தடவிப்போட்டுப் போனா. நான் அழுதது ஏனெண்டு எனக்கே தெரியேல்லை.

வீட்டுக்கை வந்து, ஊரிலையிருந்து பாசலிலை வந்த செத்தல் மிளகாயிலை மூண்டும், உப்பும், அந்த மண்ணும் சேர்த்தன். வேப்பிலைக்கு எங்கை போறது, முன் மரத்து யூக்கலிப்டஸ் இலையைப் புடுங்கினன். படுத்திருந்த உன்ர தலையைச் சுத்தி மூண்டு தரம் சுத்தி அடுப்பிலை போட்டன். நாவூறு இருந்தால் மிளகாய் நெடி வராது. நெடி வந்தால் ஒண்டும் இல்லை. அதுதான் கணக்கு, நான் வைச்சதில்லை, எங்கட ஆக்கள் வைச்சது. போட்ட உடனை வந்துது பார் ஒரு நெடி! நான் கண் தெரியாமல் இருமினன், நீ கட்டிலிலை இருந்து இருமினாய், அப்பா அறையாலை ஓடிவந்து, "என்னப்பா, என்னை வீட்டை விட்டுக் கலைக்கிறதெண்டால் வாயாலை சொல்லலாமே, ஏன் புகை போடுறீர்?" எண்டு யன்னலெல்லாம் திறந்தார்.

இதைத்தான் உனக்குச் சொல்ல வந்தனான். மற்றதெல்லாம் துக்கத்திலை செய்தது எண்டு நீ எனக்காகச் சமாதானம் சொல்லுவாய், எனக்கு உன்னைத் தெரியும். ஆனால் அந்தப் பின்னேரம், அடுப்படியிலை இருமிக்கொண்டு நிக்கேக்கை, எனக்குத் தெரிஞ்சுபோச்சு. என்ர முறையிலையே, என்ர கண்ணுக்கு முன்னாலையே, அவவிலை ஒரு குற்றமும் இல்லை எண்டு தெரிஞ்சுபோச்சு. அவவும் இல்லையெண்டால் பின்னை என்ர பிள்ளை ஏன் செத்தவள்? அதுக்கு என்னட்டைப் பதில் இல்லை. பதில் இல்லாமல் இருக்கிறதைவிட யோலாவை வைச்சிருக்கிறது எனக்குச் சுகமா இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை, இஞ்சை இருந்த நாலு தமிழ்ப் பொம்பிளையளும் கூடுற கமலாக்கா வீட்டிலை பசனை. முடிஞ்சு கடலை சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்கை கமலாக்கா, "எப்பிடி, பெடியனுக்குச் சுகமோ? கழிச்சுப் பார்த்தனீயோ?" எண்டு கேட்டா. நான், "பார்த்தன் அக்கா. நெடியே வரேல்லை" எண்டன். எல்லாரும் கடலையை வைச்சிட்டு என்னைப் பார்த்தினம். "அப்ப அந்த வெள்ளைக்காரிதான்" எண்டா ஒருத்தி. "அவள் வெள்ளைக்காரி இல்லையப்பா, வேறை ஏதோ தீவு. காலைப் பார்த்தனீயோ, நேராத்தான் இருக்கோ?" எண்டா கமலாக்கா, எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சன். சொன்ன பொய்க்கு ஏற்ற மாதிரிப் பேந்து நடக்கத்தானே வேணும். உன்னை அந்த வீட்டுப் பக்கம் போகக்கூடாது எண்டு மறிச்சன். நீ ஏன் எண்டு கேட்டாய். "படிப்பு" எண்டன்.

ஒரு மாதத்தாலை, ஒரு வியாழக்கிழமை, நீ பள்ளிக்கூடத்திலை இருக்கேக்கை யோலா கதவைத் தட்டினா. தொழிற்சாலையிலை ஆக்களைக் குறைச்சிட்டாங்களாம். குயின்ஸ்லாண்டிலை கரும்புத் தோட்டப் பக்கம் தெரிஞ்ச குடும்பம் ஒண்டு இருக்காம், கரும்பு மணம் தன்ர ஊர் மாதிரியாம், சனிக்கிழமை போறாவாம். அவ்வளவுதான் காரணம், தம்பி. வேலை. உன்ர வாயாலை ஒண்டும் நடக்கேல்லை. அவ கையிலை ஒரு பொதி. அவிழ்த்துக் காட்டினா. உன்ர அளவிலை ஒரு சோடிச் சப்பாத்து, தோல் வேலை நல்ல துப்புரவு. கவிழ்த்துக் காட்டினா. அடியிலை தட்டை இறப்பர், ஆனால் மாறி வெட்டி ஒட்டியிருந்தது. விரல் பக்கத்திலை குதிக்கால், குதிக்கால் பக்கத்திலை விரல். அதைப் போட்டுக்கொண்டு நேராத்தான் நடக்கலாம், அடி மட்டும் திரும்பிப் போற மாதிரி விழும். "அவனைக் கலைக்கிற பெடியள் மற்றப் பக்கம் ஓடுவாங்கள்" எண்டு சிரிச்சா. பேந்து சிரிப்பு நிண்டுபோய், "என்ர தம்பிக்கு இப்பிடி ஒண்டு செய்து குடுத்திருக்கலாம்" எண்டா. சனிக்கிழமை பதினொரு மணி மட்டும் இருப்பன், பிள்ளையை அனுப்பிவிடும், ஒருக்காப் பாத்திட்டுப் போறன் எண்டா. நான் ஓம் எண்டன். பொதியை வாங்கக் கையை நீட்டினன். அப்ப அவ என்ர விரலைப் பார்த்தா. "கண்டெடுத்திட்டீரோ!" எண்டு கூவினா. என்ர கையைப் பிடிச்சு மோதிரத்தைக் கொஞ்சினா. அவ்வளவு சந்தோஷம் அவவுக்கு.

அவ போன கையோடை நான் வளவுக்குள்ளை குப்பை எரிக்கிற அடுப்பிலை அந்தச் சப்பாத்தைப் போட்டுக் கொளுத்தினன். இறப்பர் புகை கறுப்பா எழும்பி வேலிக்கு மேலாலை போச்சு. ஒரு சப்பாத்துக்குள்ளை மடிச்ச கடதாசி ஒண்டு இருந்திருக்கு, நெருப்புப் பிடிக்கேக்கைதான் கண்டன். விலாசமாத்தான் இருக்கும். கையை விட்டு எடுத்திருக்கலாம். எடுக்கேல்லை. சனிக்கிழமை காலமை உன்னையும் அப்பாவையும் இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனன். குளிர், காத்து, ஒருத்தரும் இல்லாத கடற்கரை. "இந்தக் குளிருக்குள்ளை கடல் பாக்க வந்த முதல் குடும்பம் நாங்கள்தான்" எண்டு அப்பா பகிடி விட்டார். மத்தியானம் திரும்பி வந்தம். நீ பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்திட்டு வந்து, "அம்மா, யோலா அன்ரி வீட்டிலை ஒண்டும் இல்லை. சொல்லாமல் போயிட்டா" எண்டாய். நான், "அவை அப்பிடித்தான்" எண்டன். நீ அழேல்லை. உன்ர காலிலை கிடந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டாய். அண்டைக்கு நீ உனக்குள்ளை என்ன முடிவெடுத்தனீ எண்டு இந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

நீ பின்னாலை நிக்கேக்கை நான் முன்பக்கம் போனனான். காலமை தூறின மழையிலை எங்கட வாசல் கேற்றடி மண் நனைஞ்சு கிடந்தது. அதிலை யோலாவின்ர அடி. அவவின்ர வாசலிலையிருந்து எங்கட கேற் மட்டும் வந்து, நிண்டு, திரும்பி. ஒருக்கா இல்லை. நாலைஞ்சு தரம் வந்து வந்து பார்த்திருக்கிறா. நீ காணுறதுக்கு முதல் நான் குழாயைத் திறந்து, அவ்வளவு அடியையும் கழுவிவிட்டன். இத்தனை வருஷமா நீ அவ விட்டிட்டுப் போன அடியைத்தான் தேடிக்கொண்டு இருக்கிறாய். அவவின்ர கடைசி அடி உன்னட்டை வந்த அடி, தம்பி.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இப்ப வாய் இல்லை. ஒண்டே ஒண்டு சொல்லுறன். உன்ர பிள்ளையளுக்கு நீ பிழை செய்தால் அண்டைக்கே சொல்லிப்போடு. நான் நாளைக்கு, பிள்ளை பெரிசான பிறகு, கலியாணம் முடிஞ்ச பிறகு எண்டு தள்ளித் தள்ளி, கடைசியிலை நான் செய்ததுக்கு நீ மன்னிப்புக் கேட்டுப் புத்தகம் அடிக்கிற அளவுக்குக் கொண்டுவந்திட்டன்.

சனிக்கிழமை நான் நூலகத்துக்கு வருவன். முன் வரிசையிலை இருக்கமாட்டன். நீ என்னோடை கதைக்காட்டியும் வருவன். உன்ர புத்தகம் யோலாவின்ர பாஷையிலும் வரப்போகுது, கடைசிப் பக்கம் இந்த மாதம் அனுப்பவேணும் எண்டு சொன்னாய். அந்தப் பக்கத்தை மாத்தி எழுது. உன்ர பேருக்குப் பதிலா என்னைப் போடு. அவ உயிரோடை இருந்தால் தொண்ணூறுக்குக் கிட்ட இருக்கும். ஆரும் வாசிச்சுக் காட்டட்டும். சப்பாத்தை எரிச்சதை எழுது, அடியைக் கழுவினதை எழுது, நெடி வந்ததை எழுது. பேந்து இதையும் மறக்காமல் எழுது. எனக்கு இப்ப விரல் வீங்கிக் கழட்டேலாமல் கிடக்கு, சவர்க்காரம் போட்டும் வருகுதில்லை. அந்த மோதிரம் துலையவேயில்லை எண்டு எழுது. அவ முழங்காலிலை இருந்து தேடேக்கை, அது என்ர விரலிலைதான் இருந்தது எண்டு.

அம்மா